கம்பி அறுந்த கதை

மன்ற மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "எதைப்பற்றி?" என்றேன். "உமக்குத் தெரிந்ததைப்பற்றி" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டு: நண்டும், கம்பியும். நண்டைப்பற்றி ஆய்வேட்டில் எப்படியும் எழுதியாக வேண்டும். ஆகவே இங்கே கம்பியைப்பற்றி எழுதுகிறேன். இலக்கியம் பயிலும் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இதில் சேறு உண்டு. முதலை உண்டு (வரவில்லை, ஆனால் உண்டு). நான் இதுவரை எவரிடமும் முழுதாகச் சொல்லாத ஒரு குற்றமும் உண்டு.

போர்ட் பிளேர் என்று நாமெல்லாம் சொல்லிப் பழகிய, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய இந்நகருக்குத் தெற்கே சிப்பிகாட் என்னும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் போகும்போது சாலையின் இருபுறமும் நீர் பரந்து கிடக்கும். நீருக்கு நடுவே பட்டுப்போன மரங்கள் நிற்கும். அது முன்னொரு காலத்தில் நெல் விளைந்த நிலம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் கரை உயர்ந்தது. தாழ்ந்த பக்கத்தில் கடல் புகுந்தது. வந்த அலை திரும்பிப் போயிற்று, கடல் போகவில்லை. அன்று எனக்கு வயது இரண்டு. நெல்வயல் நண்டுவயலானதைப் பற்றித்தான் இன்று முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன் என்றால், விதியின் வேடிக்கை என்று சிலர் சொல்லக்கூடும். என் தந்தையார் அப்படிச் சொல்வதில்லை. "படிச்சது போதும், எப்பப்பா வேலைக்குப் போவே?" என்றுதான் கேட்கிறார்.

அவர் இராமநாதபுரம் சீமையில் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஜங்கிளிகாட் மீன்பிடித் துறையில் படகு எஞ்சின்கள் பழுது பார்க்கிறார். அவரைப்பற்றிப் பின்னால் வருகிறது.

சேற்றுவெளியில் வாழும் பிடில் நண்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பை மீறிப் பெரிதாக இருக்கும். அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும். அந்த ஆட்டத்தை எண்ணுவது என் வேலை. ஆனால் மனிதக் காலடி விழுந்தவுடன் வெளியெங்கும் ஒரு நொடியில் வெறிச்சோடிவிடும், அத்தனையும் வளைக்குள். அதோடு, முழங்கால்வரை புதையும் சேற்றில் நடந்துபோய் வளைகளை மிதித்துவிட்டு, பிறகு அவற்றை எண்ணுவது என்ன ஆராய்ச்சி? ஆகவே, ஒரு சிறு லாரியைச் செய்து, அதன் தலையில் ஒரு காமிராவை வைத்து, வரப்பின்மேல் நின்றுகொண்டே வானொலியால் அதை ஓட்டுவது என்று முடிவு செய்தேன். எனக்கு இளையவராகிய மாணவர் ஒருவர் கூட்டுச் சேர்ந்தார். அவர் ஊர் தூத்துக்குடி. என்னை 'அண்ணன்' என்பார், நான் 'தம்பி' என்பேன்.

தொலைவிலிருந்து அலையால் ஒன்றை இயக்குவது பழைய கலை. 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத மின்னலையைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி மணி அடிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகைக் கம்பியின்றி ஓட்டிக் காட்டினார். கம்பியில்லாத் தந்தி என்று அந்நாளில் உலகம் வியந்தது. ஆனால் தோழர்களே, நான் கண்ட உண்மை ஒன்று: ஆணை எத்தனை தொலைவு வேண்டுமானாலும் கம்பியில்லாமல் போய்விடும், பாட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கடைசி ஒரு சாணுக்குக் கம்பி வேண்டும். அந்த ஒரு சாணில்தான் எல்லாம் நின்றுபோயிற்று.

வண்டியின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும். நான்கு பெரிய சக்கரங்கள். முன்னச்சு ஒன்று, பின்னச்சு ஒன்று. நடுவில் ஒரே மோட்டாரை வைத்து, சுழல்தண்டின் வழியே இரு அச்சுக்கும் விசை அனுப்புவது நல்ல முறை. ஆனால் அந்தத் தண்டையும் மூட்டுகளையும் செய்ய நம்மிடம் கடைசல் பட்டறை இல்லை. ஜப்பானின் தமியா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட 'கிளாட் பஸ்டர்' என்னும் விளையாட்டு லாரியில் வேறு வழி செய்திருக்கிறார்கள்: அச்சுக்கு ஒரு மோட்டார், அதுவும் அச்சின்மேலேயே. அதைப் பார்த்து நானும் அப்படியே செய்தேன். எளிது, வலுவும் உண்டு. குறை ஒன்றே. பாட்டரி வண்டியின் உடலில் இருக்கிறது. மோட்டார் அச்சோடு மேலும் கீழும் ஆடுகிறது. ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பி மடிந்து நிமிர்கிறது. ஒரு முறை ஓட்டினால் எத்தனை நூறு மடிப்பு என்று நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

கம்பிக்கு எங்கும் போகவில்லை. வீட்டு மின்னிணைப்புக்குப் போடும் சாதாரணக் கம்பியில் ஒரு துண்டை வெட்டினேன். மோட்டாரின் பித்தளைக் காதில் ஈயம் பற்றவைத்தேன். விடுதி முற்றத்தில் வண்டி ஓடியது. தம்பி கைதட்டினார். மூன்றாம் நாள் பின்மோட்டார் நின்றது. பார்த்தால், ஈயப் பற்று அப்படியே இருக்கிறது. அதற்குச் சற்று மேலே கம்பி அறுந்து கிடக்கிறது. அறுந்த முனையைச் சுரண்டி மறுபடியும் பற்றவைத்தேன். இந்த முறை தாராளமாக ஈயம் விட்டேன். இரண்டே நாளில் அறுந்தது. 'இன்னும் போதவில்லை' என்று இன்னும் கொஞ்சம் ஈயம். ஒவ்வொரு முறையும் கம்பி ஒரு விரற்கடை குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறைய அது இழுபட்டு நின்றது. மருந்தென்று நினைத்து நஞ்சைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியவில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

சிப்பிகாட்டில் முதல் ஓட்டத்துக்கு முந்திய இரவு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்மோட்டாரின் கம்பியில் மூன்று நான்கு இழைகள் அறுந்து மயிர்போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். கண்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேரம் பன்னிரண்டு ஆகியிருந்தது. சால்டரிங் அயர்ன் பக்கத்து அறையில் இருந்தது. அந்த அறைத் தோழர் உறங்கிவிட்டார். கறுப்பு ஒட்டுநாடாவை மூன்று சுற்றுச் சுற்றினேன். 'நாளைக்கு ஒரு நாள் தாங்கும்' என்று சொல்லிக்கொண்டு படுத்தேன்.

காலையில் நீர் வடிந்திருந்தது. இங்கே பெருவேற்ற நாட்களில் உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வேறுபாடு உண்டு. நீர் திரும்புவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது வண்டியை இறக்கினோம். அழகாகப் போயிற்று. முப்பது அடி, நாற்பது அடி. நண்டுகள் மறைந்தன; வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம்; சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக மேலே வந்து கொடுக்கை ஆட்டத் தொடங்கின. காமிரா அத்தனையும் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பெற்ற மகிழ்ச்சியை எழுத முடியாது. வண்டியைத் திருப்பினேன். முன்சக்கரங்கள் சுற்றவில்லை. பின்மோட்டார் மட்டும் தள்ளியது. முன்சக்கரங்கள் சேற்றில் கலப்பைபோல இறங்கின. மேலும் விசை கொடுத்தேன். வண்டி மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பின்மோட்டாரும் திணறி ஓய்ந்தது.

நீர் திரும்ப ஆரம்பித்தது. சேற்றுவெளியில் நீர் அலையாக வராது. ஓடைகளில் ஓசையில்லாமல் நிரம்பி, நீங்கள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் வந்து நிற்கும். காமிரா துறையினுடையது, ஒரு பருவத்து உழைப்பு அதற்குள் இருந்தது. நான் என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோதே தம்பி இறங்கிவிட்டார். "வேண்டாம் தம்பி" என்று கூவினேன். "இதோ வந்துட்டேண்ணே" என்று போய்க்கொண்டே இருந்தார். வண்டியைத் தூக்கிவிட்டார். தூக்கிய பாரத்தில் இரண்டு காலும் தொடைவரை இறங்கிவிட்டன. பிறகு அசைய முடியவில்லை.

நாங்கள் நின்ற வரப்புக்கு அருகே ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. உவர்நீர் முதலைகள் நடமாடும் இடம் என்று எழுதியிருக்கும். அதைத் தினமும் பார்த்துப் பழகி, எழுத்து கண்ணில் படாமலே போயிருந்தது. அன்று பட்டது. அக்கம்பக்கத்தில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இத்தீவின் இந்தியில் கத்தினேன். அவர் ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு மூங்கில்களை இழுத்துவந்து சேற்றின்மேல் படுக்கப் போட்டார். அதன்மேல் நெஞ்சை வைத்துத் தவழ்ந்து போனேன். தம்பியை மூங்கிலைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு காலாக உருவி எடுத்தோம். கரையேறியபோது நீர் அவர் நின்ற இடத்தில் இடுப்பளவு வந்திருக்கும். கால்மணி நேரம் என்று பிறகு கணக்கிட்டேன். அவர் வண்டியை மட்டும் கைவிடவே இல்லை.

கரையில் உட்கார்ந்து தம்பி கேட்டார்: "என்னண்ணே ஆச்சு வண்டிக்கு?" நான் ஒட்டுநாடாவை அவிழ்த்தேன். கம்பி அறுந்திருந்தது. "கம்பி விட்டுப்போச்சு தம்பி" என்றேன். நேற்றே பார்த்தேன் என்று சொல்லவில்லை. இப்பக்கத்தில்தான் சொல்கிறேன். அவர் இதைப் படிப்பார்.

அன்று மாலை வண்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தந்தையார் கைலியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கம்பியைக் கையில் வாங்கி, உறையைக் கத்தியால் கீறி, ஒரு சாண் நீளம் உரித்துக் காட்டினார். உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. அறுந்த இடத்தில் மட்டுமன்று, வெகுதூரம். "உப்புத்தண்ணி ஏறியிருக்கு பாரு. திரியில எண்ணெய் ஏறுற மாதிரி ஏறும். படகுல இந்தக் கம்பியைப் போடவே மாட்டோம். ஈயம் பூசின கம்பிதான்" என்றார். பிறகு மோட்டாரைத் திருப்பிப் பார்த்தார். "இதை ஏன் விறைப்பாக் கட்டியிருக்கே? எஞ்சின் ஆடும், படகு ஆடும், கம்பி மட்டும் ஆடக்கூடாதா? கம்பிக்கு மூச்சுவிட இடம் வேணும்ப்பா."

அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். நான் மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போய், நண்டுக் குஞ்சுகளைப் பார்க்கும் நுண்ணோக்கியில் அறுந்த முனைகளை வைத்துப் பார்த்தேன். இழுத்து அறுக்கப்பட்ட செம்பிழை மெலிந்து கூராகி அறும். அதற்காக ஒன்றை நானே இழுத்து அறுத்து ஒப்பிட்டேன். வண்டியின் இழைகளோ மெலியவே இல்லை. கத்தியால் நறுக்கியதுபோலத் தட்டையாக இருந்தன. அவை இழுவையால் அறுந்தவை அல்ல, களைப்பால் அறுந்தவை.

உலோகத்துக்குக் களைப்பு உண்டு என்பதை முதலில் ஆராய்ந்தவருள் ஒருவர் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட். தாங்கவேண்டிய பாரத்தைவிடக் குறைந்த பாரத்திலேயே சுரங்கச் சங்கிலிகள் அறுவதைக் கண்டு, 1829-இல் சங்கிலிகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதித்தார். 1834-இல் அவரே மெல்லிய இரும்பிழைகளை முறுக்கிக் கம்பிவடம் செய்தார். பின்னர் ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர் இரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிப் பார்த்து, எத்தனை விசைக்கு எத்தனை சுற்று என்று அட்டவணையே போட்டார். சங்கிலி அறுந்ததற்கு விடையாக ஆல்பர்ட் தடித்த சங்கிலியைத் தேடவில்லை, மெல்லிய இழைகளைத் தேடினார் என்பதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

கணக்கு மிக எளிது. கலைப்பிரிவுத் தோழரும் போடலாம். ஒரு கம்பியை வளைத்தால் அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. எவ்வளவு நீள்கிறது என்றால், இழையின் தடிப்பை வளைவின் ஆரத்தைப்போல் இருமடங்கால் வகுத்த அளவு. ஐந்து மில்லிமீட்டர் ஆரத்தில் வளைப்பதாகக் கொள்வோம். நான் போட்ட வீட்டுக் கம்பியில் 0.3 மி.மீ. தடிப்புள்ள 14 இழைகள்; வெளிப்புறம் நூற்றுக்கு மூன்று பங்கு நீளும். செம்புக்கு இது மிகுதி. மாதிரி வண்டிக்காரர்கள் பயன்படுத்தும் சிலிக்கோன் உறைக் கம்பியில் இழையின் தடிப்பு 0.08 மி.மீ.; ஒரு கம்பிக்குள் நூற்றுக்கணக்கான இழைகள். அதே வளைவில் நூற்றுக்கு முக்கால் பங்குக்குச் சற்று அதிகம்தான் நீளும். செம்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆயுள் பல மடங்கு. உறையும் இரப்பர்போல் மிருதுவானது. வளைவு ஒரே இடத்தில் முறியாமல் நீளமாகப் பரவும்.

இப்போது என் 'தாராள ஈயத்தை' எண்ணிப் பாருங்கள். உருகிய ஈயமும் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே ஏறும். ஏறிய தூரம்வரை பதினான்கு இழைகளும் ஒன்றோடொன்று வழுக்க முடியாமல் ஒட்டி, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த ஒரே கோல் ஆகிவிடும். ஈயம் முடிகிற இடத்தில் விறைத்த கோலும் நெகிழும் இழைகளும் சந்திக்கின்றன. வளைவு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் வந்து குவிகிறது. ஒவ்வொரு முறையும் பற்றுக்குச் சற்று மேலே அறுந்த மர்மம் இதுதான்.

கண்டுபிடித்தாயிற்று, ஆனால் நம்புவது எப்படி? விடுதியில் ஒரு பழைய மேசை விசிறி இருந்தது. இடமும் வலமும் தலையைத் திருப்பும் விசிறி. (அந்த விசிறியின் கம்பியும் கழுத்தில்தான் அறுந்திருந்தது, உங்கள் வீட்டு விசிறியிலும் அங்கேதான் அறுந்திருக்கும்.) இறக்கைகளைக் கழற்றிவிட்டு, கம்பியின் ஒரு முனையைத் தலையிலும் மற்றொன்றைப் பலகையிலும் கட்டி, நடுவில் ஒரு சிறு விளக்கை இணைத்தேன். தலை திரும்பத் திரும்பக் கம்பி மடியும். அறுந்தால் விளக்கு அணையும். தாராள ஈயம் வைத்த வீட்டுக் கம்பி முதல் இரவு விடியுமுன்னே அணைந்தது. இரண்டாம் இரவு நள்ளிரவில் விளக்கு அணையக் கண்டு பாய்ந்தெழுந்து குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவிட்டேன்; பிறகு பார்த்தால் விடுதி முழுவதும் இருட்டு. டீசல் எரித்து மின்சாரம் செய்யும் தீவில் இரவுச் சோதனை செய்பவன் இதையும் கணக்கில் வைக்கவேண்டும். சென்னையிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த சிலிக்கோன் கம்பியை, குறைந்த ஈயத்தில் பற்றவைத்து, பற்றுக்கு மேலே கட்டி மாட்டினேன். நான்காம் நாளும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறைத் தோழர் விசிறியின் ஓசை தாங்காமல் அன்று அதை நிறுத்திவிட்டார். சோதனை அதோடு முடிந்தது. விஞ்ஞானம் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது போலும்.

இனி, வண்டியில் செய்த மாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் சிலர் போட்டிக்கென்று வண்டிகள் செய்கிறார்கள், அவர்களுக்கு உதவும்.

முதலாவதும் மற்றெல்லாவற்றினும் பெரியதும்: பற்று இருக்கும் இடம் ஆடக்கூடாது. கம்பி மோட்டாரை விட்டு வந்தவுடன், மோட்டாரின் உடலோடு சேர்த்து, கேபிள் டை என்கிறோமே அந்தப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டேன். பற்றும் ஈயம் ஏறிய பகுதியும் மோட்டாரோடு ஒன்றாக நகரும். அங்கே வளைவே இல்லை. பட்டையை இறுக்கி உறையை நசுக்கிவிட்டால் புதிய முறிவிடத்தை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். கம்பி நழுவாத அளவு இறுகினால் போதும்.

அடுத்தது, வளைவு எங்கே நிகழவேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பது. முன்பு கம்பி உடலிலிருந்து அச்சுக்கு நேராகத் தாவியது; அச்சு இறங்கும்போதெல்லாம் இழுபட்டது. இப்போது அச்சைத் தாங்கும் இணைப்புத் தண்டோடு சேர்த்துக் கம்பியைக் கொண்டுபோகிறேன். தண்டு தன் கீலில் திரும்புகிறது. கீலுக்கு அருகில் கம்பியின் நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அங்கே மட்டும் கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஒரு தளர்ந்த வளையம் விட்டிருக்கிறேன். தந்தையார் சொன்ன மூச்சுவிடும் இடம் அதுதான். அச்சைக் கையால் எட்டும்வரை இறக்கி, ஏற்றி, முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கட்டவேண்டும். வளையம் பெரிதாகித் தொங்கினால் சக்கரம் அதைத் தின்றுவிடும். ஒரு முறை தின்றது.

சூட்டில் சுருங்கும் குழாயைப் பற்றின்மேல் போடுவது நன்று. ஆனால் அதிலும் ஒரு சூது உண்டு. குழாய் முடியும் இடத்தில் மறுபடியும் விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும். ஆகவே இரண்டு குழாய்கள்: உள்ளே நீளமானது, வெளியே குட்டையானது. விறைப்பு படிப்படியாகக் குறையும். முருங்கைக் கிளைபோல் மொட்டையாக முறியாமல் மூங்கில் கழிபோல் வளையட்டும் என்பது கருத்து.

மோட்டாரின் காதுகளில் சிறு மின்தேக்கிகள் ஒட்டியிருக்கும். தேவையற்றவை என்று எண்ணிப் பிய்த்துவிடாதீர்கள். மோட்டாரின் பொறிகள் வானொலியைக் குழப்பாமலிருக்க அவை வேண்டும். அவற்றின் கால்களும் மெல்லிய கம்பிகளே. ஆட்டம் கண்டால் அறும்.

உப்பைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. நம் சைக்கிள்கள் சொல்லும். ஓட்டம் முடிந்தவுடன் நல்ல நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, இணைப்புகளில் சிறிது சிலிக்கோன் கிரீஸ் தடவுகிறேன். கம்பியின் வெட்டு முனை எதையும் திறந்து விடுவதில்லை. மோட்டாருக்கு அருகில் கழற்றி மாட்டும் இணைப்பு ஒன்றும் வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் கம்பியை முழுதாக மாற்றிவிடலாம். ஒட்டுநாடா என் பெட்டியில் இப்போது இல்லை.

இந்த வேலையில் ஆழ்ந்திருந்த நாட்களில் எனக்கு இன்னொரு கம்பியின் நினைவு வந்துகொண்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கடலடி ஒளியிழைக் கம்பிவடம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் நாம் செயற்கைக்கோளின் தயவில் இருந்தோம். ஊரிலுள்ள அத்தையின் முகத்தைக் கைப்பேசியில் பார்க்க முயன்றால், முகம் உறைந்துபோய்க் குரல் மட்டும் வரும். பிறகு அதுவும் வராது. இன்று பேசுகிறோம். அவ்வடம் அகன்ற கடலில் ஆழத்தில் அமைதியாகக் கிடக்கிறது. அங்கே அதற்கு மெல்லிய உறையே போதும். கரையை நெருங்கும் ஆழமற்ற நீரில்தான் எஃகுக் கம்பிகளால் கவசம் வேண்டும். உலகெங்கும் கடலடி வடங்கள் பழுதாவது பெரும்பாலும் மீன்பிடி வலையாலும் நங்கூரத்தாலும்தான். இதைத் தந்தையாரிடம் சொன்னேன். "நடுக்கடல்ல ஒண்ணும் ஆகாது. கரைக்கு வர்றப்பதான் எல்லாம்" என்றார். அவர் கம்பியைச் சொன்னாரா, தம் வாழ்க்கையைச் சொன்னாரா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

ஆனால் அவர் அன்று திண்ணையில் கடைசியாகச் சொன்ன ஒன்றை எழுதாமல் விடக்கூடாது. கம்பியின் பழுதெல்லாம் காட்டி முடித்துவிட்டு, வீட்டுக்குள் போய், தூண்டில் நைலான் சுருள் ஒன்றை எடுத்து வந்தார். தடித்தது, பெருமீன் பிடிப்பது. "கம்பியை அப்புறம் சரி பண்ணு. மொதல்ல இதை வண்டி வாலில் கட்டு. நின்னுபோச்சுன்னா இழு. எறங்காதே. அந்தப் பையனையும் எறக்காதே" என்றார். நுண்ணோக்கியும் கணக்கும் விசிறியும் வேண்டியிராத அந்த யோசனை எனக்கேன் முதல் நாளே தோன்றவில்லை என்று இன்றும் நாணுகிறேன்.

இப்போது வண்டி நைலான் வாலோடுதான் போகிறது. பார்ப்பவர்கள் காற்றாடி விடுகிறீர்களா என்று சிரிக்கிறார்கள். மழை நின்றதிலிருந்து பதினொரு முறை இறங்கியிருக்கிறது. ஒரு முறை சக்கரம் ஒன்று கழன்று நின்றது; நூலைப் பிடித்து இழுத்தோம், சேறு பூசிய எருமைக்கன்றுபோல வந்து சேர்ந்தது. கம்பி அறவில்லை. ஆயினும் முந்திய இரவு அச்சை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு கம்பியையும் விரலால் நீவிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஓர் இழை உறுத்தினாலும் அன்றே மாற்றுகிறேன், மணி பன்னிரண்டானாலும். பக்கத்து அறைத் தோழர் இதனால் என்மேல் சினம் கொண்டிருக்கிறார். சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட எண்ணியிருக்கிறேன்.

தம்பி இன்னும் என்னோடு வருகிறார். நூற்சுருளைப் பிடிப்பது அவர் பொறுப்பு. அடுத்த சனிக்கிழமை காலையில் நீர் நன்றாக வடியும். ஆறு மணிக்கு வளாக வாயிலில் இருப்போம். வர விரும்பும் தோழர்கள் வரலாம். குடிநீர் கொண்டுவரவும். வரப்பைவிட்டுக் கீழே இறங்க எவருக்கும் அனுமதி இல்லை.